மானியம் தேடும் சங்கங்களுக்குக் கணக்குப் புத்தகமே முதல் விண்ணப்பம்

தமிழ்மொழி விழா நெருங்கும் காலத்தில் சிங்கப்பூரின் சங்கச் செயலவைக் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். நிகழ்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வரும்? தலைவர் தம் நண்பர்களைக் கேட்பதாகச் சொல்வார். செயலாளர் சில கடைகளுக்கு விளம்பரக் கடிதம் எழுதுவதாகச் சொல்வார். மலருக்கு விளம்பரம், விருந்துக்கு மேசை விற்பனை என்று பழைய வழிகளே மீண்டும் பேசப்படும். கடைசியில் யாராவது ஒருவர், "அரசாங்கத்தில்தான் மானியம் தருகிறார்களே, நாமும் கேட்டால் என்ன?" என்பார். கூட்டம் அத்துடன் அடுத்த விவகாரத்துக்குப் போய்விடும்.

கேட்டால் கிடைக்குமா? கிடைக்கும். இந்நாட்டில் சமூக அமைப்புகளுக்கென்றே பல நிதிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை, விண்ணப்பம் எழுதும் நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தம்மைத் தயார்ப்படுத்திக்கொண்ட அமைப்புகளுக்கே கைகூடுகின்றன. அந்தத் தயாரிப்பு என்ன, ஏன் அது தேவை என்பதைச் சங்க நிர்வாகிகளும் சங்கங்களுக்கு நன்கொடை கொடுப்பவர்களும் அறிந்திருப்பது நல்லது.

சங்கம், அறநிறுவனம், ஐ.பி.சி. – மூன்றும் ஒன்றா?

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. பத்துப் பேர் சேர்ந்தால் சங்கப் பதிவகத்தில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு செய்வதால் மட்டும் அது அறநிறுவனம் ஆகிவிடாது. அறநிறுவனமாக வேண்டுமானால் அறநிறுவன ஆணையரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அமைப்பின் நோக்கங்கள் முழுமையாக அறப்பணி சார்ந்தவையாக இருக்க வேண்டும். அதன் பயன் முழுவதுமாகவோ பெரும்பகுதியோ சிங்கப்பூர்ச் சமூகத்துக்குச் சேர வேண்டும். குறைந்தது மூன்று நிர்வாகக் குழு உறுப்பினர்கள் வேண்டும். அவர்களில் இருவராவது சிங்கப்பூர்க் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். அறநிறுவனமானால் அதன் வருமானத்துக்கு வரி இல்லை.

மூன்றாவது படி, சுருக்கமாக ஐ.பி.சி. என்று அழைக்கப்படும் பொதுநலத் தன்மை வாய்ந்த நிறுவனத் தகுதி. இந்தத் தகுதி பெற்ற அமைப்பு, நன்கொடையாளருக்கு வரிக்கழிவு ரசீது கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டு முதல் கொடுத்த தொகையைப் போல இரண்டரை மடங்கு கழிக்கப்பட்டு வருகிறது. 2023ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஒருவர் 1,000 வெள்ளி கொடுத்தால், வரிக்கு உட்படும் அவருடைய வருமானத்திலிருந்து 2,500 வெள்ளி கழிக்கப்படும். 11.5 விழுக்காட்டு வரி விகிதத்தில் இருப்பவருக்கு இதனால் 287 வெள்ளி 50 காசு மிச்சம். பெரிய தொகை கொடுக்க நினைக்கும் வணிகர் ஒருவர், எந்த அமைப்புக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது இதையும் எண்ணிப் பார்ப்பார்.

இங்கே நம் சமூகத்துக்கு முக்கியமான ஒரு விதி இருக்கிறது. ஐ.பி.சி. தகுதி பெறும் அமைப்பின் பணிகள் ஓர் இனத்துக்கோ சமயத்துக்கோ நம்பிக்கைக்கோ மட்டும் உரியவையாக இருக்கக்கூடாது. அமைச்சர் விலக்கு அளித்தால்தான் மாற்றம் உண்டு. கோயிலுக்குக் கொடுக்கும் நன்கொடைக்குப் பொதுவாக வரிக்கழிவு கிடைப்பதில்லை என்பதற்கும் காரணம் இதுவே. கோயில் அறநிறுவனமாக இருக்கலாம், ஆனால் ஐ.பி.சி. ஆக இருப்பது அரிது. தமிழ்ச் சங்கம் ஒன்று இந்தத் தகுதியை நாடினால், தன் பணி மற்ற சமூகத்தாருக்கும் திறந்திருக்கிறது என்பதைக் காட்ட வேண்டிவரும். நிர்வாகக் குழுவில் குறைந்தது பாதிப் பேர், அமைப்புடன் சொந்த நலத் தொடர்பு இல்லாத சிங்கப்பூர்க் குடிமக்களாகவும் இருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

நிதி தரும் அமைப்புகளில் பெரியது டோட் போர்டு. 1988 ஜனவரி முதல் தேதி அமைக்கப்பட்ட இந்தச் சட்டபூர்வ வாரியம் நிதி அமைச்சின்கீழ் இயங்குகிறது. நாலு நம்பர், டோட்டோ நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனம் 2004 முதல் இதற்குச் சொந்தம். அந்த உபரிப் பணமும், சூதாட்டக் கூடங்களுக்குள் செல்ல உள்ளூர்வாசிகள் செலுத்தும் நுழைவுக் கட்டணமும் சமூகப் பணிகளுக்குத் திருப்பப்படுகின்றன. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் நடந்தது. சூதாட்டத்திலிருந்து வரும் பணத்தைத் தொடலாமா என்று தயங்கும் சமய, சமூக அமைப்புகளும் உண்டு. அது ஒவ்வோர் அமைப்பும் தன் உறுப்பினர்களுடன் கலந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். விண்ணப்பித்துப் பணம் வந்த பிறகு பொதுக்கூட்டத்தில் சண்டை போடுவதைவிட, முன்பே பேசிவிடுவது நல்லது.

கலை, இலக்கியப் பணிகளுக்கு 1991ல் அமைந்த தேசிய கலைகள் மன்றம் மானியம் தருகிறது. மரபுடைமை சார்ந்த ஆய்வு, கண்காட்சி, நூல் போன்றவற்றுக்கு 1993ல் அமைந்த தேசிய மரபுடைமைக் கழகம் இருக்கிறது. தமிழ்மொழி விழாவில் பங்குபெறும் நிகழ்ச்சிகளுக்கு வளர்தமிழ் இயக்கம் கைகொடுக்கிறது. சமூக சேவை அமைப்புகளுக்குத் தேசிய சமூக சேவை மன்றமும், 1983ல் தொடங்கிய கம்யூனிட்டி செஸ்ட் நிதியும், 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அதிபர் சவால் திட்டமும் உள்ளன. பல அரசாங்க மானியங்களுக்கு ஒரே இணைய வாசல் வழியாக விண்ணப்பிக்கும் வசதியும் வந்துவிட்டது. எனவே எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அலைய வேண்டியதில்லை.

இவை தவிர, இணைநிதி என்று ஒரு வகை உண்டு. பொதுமக்கள் ஒரு வெள்ளி கொடுத்தால் அரசாங்கமும் ஒரு வெள்ளி சேர்க்கும் ஏற்பாடு இது. கலை, மரபுடைமை அறநிறுவனங்களுக்காக 2013 நவம்பரில் 200 மில்லியன் வெள்ளியுடன் கலாசார இணைநிதி தொடங்கப்பட்டது. சிங்கப்பூரின் இருநூற்றாண்டு நினைவாக 2019ல் ஐ.பி.சி. அமைப்புகளுக்கென 200 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. கொவிட் காலத்தில், 2020ல், டோட் போர்டு தன் நிதி திரட்டு உதவித் திட்டத்தை விரிவாக்கி, ஓர் அறநிறுவனத்துக்கு 250,000 வெள்ளி வரை வெள்ளிக்கு வெள்ளி ஈடுசெய்தது.

இந்த மூன்று எடுத்துக்காட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். அறநிறுவனமாகப் பதிவு செய்யாத சங்கம் இவற்றின் வாசலில் நிற்க முடியாது. அத்தகைய சங்கத்துக்கு ஒருவர் 5,000 வெள்ளி கொடுத்தால் அது 5,000 வெள்ளிதான். தகுதி பெற்ற அமைப்பின் கையில் அதே பணம் இணைநிதியால் 10,000 ஆகலாம். எத்தனையோ ஆண்டுகளாகத் தமிழ்ப் பணி செய்தும், "நமக்கு எதற்கு அந்த வம்பு" என்று பதிவைத் தள்ளிப்போட்ட சங்கங்கள் இழந்தது இந்த இரண்டாவது 5,000 வெள்ளியைத்தான்.

மானியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

மானியம் என்றதும் முழுச் செலவையும் யாரோ ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான மானியங்கள் ஏற்கத்தக்க செலவில் ஒரு பங்கை மட்டுமே தருகின்றன. கற்பனையாக ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஒரு சங்கம் சிறுவர் வாசிப்பு விழா நடத்த 20,000 வெள்ளிக்குத் திட்டம் போடுகிறது. அதில் 4,000 வெள்ளி பிரமுகர்களுக்கு விருந்தும் பொன்னாடையும் நினைவுப் பரிசும். நிதி தரும் அமைப்பு இதை ஏற்பதில்லை. எஞ்சிய 16,000 வெள்ளியில் பாதி, அதாவது 8,000 வெள்ளி மானியமாக ஒப்புதல் பெறுகிறது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு 4,000 வெள்ளி வருகிறது. மீதி, நிகழ்ச்சி முடிந்து அறிக்கையும் ரசீதுகளும் கணக்கும் கொடுத்த பிறகுதான் வரும். ஆக, விழா நாளன்று சங்கத்தின் கையில் சொந்தமாக 16,000 வெள்ளி இருந்தாக வேண்டும். ஏற்கப்பட்ட இனங்களில் உண்மையில் 14,000 வெள்ளிதான் செலவானது என்றால், மானியம் 7,000 ஆகக் குறையும். கடைசித் தவணையாக 3,000 வெள்ளிதான் கிடைக்கும்.

இந்தக் கணக்கை முன்கூட்டிப் போடாத சங்கங்கள்தான் விழா முடிந்ததும் தவிக்கின்றன. மண்டப வாடகைக்குச் செயலாளர் தம் கடன் அட்டையை நீட்டுகிறார். அச்சகத்துக்குத் தலைவர் சொந்தப் பணம் கொடுக்கிறார். நான்கு மாதம் கழித்து ரசீதுகளில் இரண்டு காணாமல் போயிருக்கும். ஒன்று சங்கத்தின் பெயரில் இல்லாமல் தனிநபர் பெயரில் இருக்கும். அந்தத் தொகைகள் கழிக்கப்படும். நல்ல மனத்துடன் கைக்காசு போட்டவர் மனம் கசந்து, அடுத்த ஆண்டு செயலவைக்கு வரமாட்டார். சங்கங்கள் நல்ல தொண்டூழியர்களை இழக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

நிதி தருவோர் பொதுவாகக் கவனிக்கும் வேறு சில விஷயங்களும் உள்ளன. நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு மானியம் கேட்க முடியாது. ஒரே செலவுக்கு இரண்டு அரசாங்க அமைப்புகளிடம் பணம் பெறக்கூடாது; வேறு இடத்தில் விண்ணப்பித்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். செயலவை உறுப்பினரின் சொந்த அச்சகத்துக்கு வேலை கொடுப்பதாக இருந்தால், அவர் அதை எழுத்தில் அறிவித்து, முடிவெடுக்கும் கூட்டத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். வேறு கடைகளிடமும் விலைப்புள்ளி வாங்கியிருக்க வேண்டும். "நம்ம ஆளு, குறைவாகத்தான் போடுவார்" என்பது கணக்காய்வாளரிடம் எடுபடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

"நாங்கள் என்ன திருடவா போகிறோம்? தமிழுக்காகத்தானே உழைக்கிறோம்!" என்று மூத்த நிர்வாகிகள் வருந்துவது உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும், இன்றைய விதிகள் பல எங்கிருந்து வந்தன என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

2005 ஜூலையில் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் விவகாரம் நீதிமன்றத்தில் வெளியானபோது நாடே அதிர்ந்தது. ஒரு நாளிதழ் மீது அந்த அறநிறுவனமும் அதன் தலைமை நிர்வாகியும் தொடுத்த அவதூறு வழக்கில், அவருடைய ஆண்டு வருமானம் ஏறக்குறைய 600,000 வெள்ளி என்பது தெரியவந்தது. அவருடைய அலுவலகக் குளியலறையின் தங்கமுலாம் குழாய் ஊர்ப் பேச்சானது. வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மாதாந்திர நன்கொடையை நிறுத்தினார்கள். ரத்தச் சுத்திகரிப்புக்காக அந்த அமைப்பை நம்பியிருந்த ஏழை நோயாளிகள் அந்தச் செய்திகளை என்ன மனநிலையில் படித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அதன் பின்னர் 2007ல் அறநிறுவனச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் அறநிறுவன மன்றம் அமைந்தது, அறநிறுவனங்களுக்கும் ஐ.பி.சி. அமைப்புகளுக்குமான நிர்வாக நெறிமுறையும் வெளியானது. 2011, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் அந்த நெறிமுறை புதுப்பிக்கப்பட்டது. நெறிமுறையைக் கடைப்பிடிக்க வேண்டும். கடைப்பிடிக்க முடியாவிட்டால் ஏன் என்று விளக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நிதி திரட்டுவதற்கான செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியும் நடப்பில் உள்ளது. விருந்து வைத்து நிதி திரட்டும் சங்கங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். 50,000 வெள்ளி திரட்டிய விருந்துக்கு 15,000 வெள்ளிக்குமேல் செலவாகியிருந்தால் அது வரம்பு மீறல்.

நெறிமுறையில் நம் சங்கங்களை நேராகத் தொடும் வரி ஒன்று உண்டு. பொருளாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்குமேல் அப்பொறுப்பில் இருக்கக்கூடாது என்பதே அது. பதினைந்து, இருபது ஆண்டுகளாக ஒருவரே பொருளாளராக இருக்கும் சங்கங்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அவர் நேர்மையானவர்தான். ஆனால் கணக்கு அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வங்கிக் கடிதங்கள் அவர் முகவரிக்குப் போகின்றன. எந்த ரசீது எங்கே என்று அவருக்கு மட்டுமே தெரியும். அவர் நோயில் படுத்துவிட்டால் சங்கத்தின் கைகள் கட்டப்பட்டுவிடும். மாற்றிவிடுவது அவரைச் சந்தேகிப்பதாகாது. அவர் இருக்கும்போதே அடுத்தவருக்குப் பழக்கிக் கொடுத்தால் அவருடைய உழைப்பும் நிலைக்கும்.

விருதுகளால் என்ன பயன்?

மானியங்களைப் போலவே விருதுகளும் அமைப்புகளுக்காக இருக்கின்றன. நல்ல நிர்வாகத்துக்காக 2012 முதலும், தகவல்களை வெளிப்படையாக வைப்பதற்காக 2016 முதலும் அறநிறுவன மன்றம் விருதுகள் வழங்கி வந்துள்ளது. தொண்டூழியத்துக்கும் கொடைக்கும் அதிபர் பெயரால் வழங்கப்படும் விருது 2012ல் அந்த வடிவத்தைப் பெற்றது. 1999ல் அமைந்த தேசிய தொண்டூழிய, நன்கொடை நிலையம் அதை நடத்துகிறது.

இந்த விருதுகளின் மதிப்பு பணத்தில் இல்லை. வெளிப்படைத்தன்மை விருதை எடுத்துக்கொள்வோம். ஆண்டறிக்கையிலும் இணையத்தளத்திலும் ஓர் அமைப்பு எவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பெண் போடப்படுகிறது. நிர்வாகிகள் யார், பணம் எப்படிச் செலவானது, எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது, அடுத்த ஆண்டு என்ன செய்யப் போகிறோம் என்பவற்றை எழுதி வைக்கப் பெரிய அலுவலகம் தேவையில்லை. விருது கிடைக்காவிட்டாலும் அந்த மதிப்பெண் பட்டியலை வீட்டுப்பாடம் போல வைத்துச் சங்கம் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளலாம். விருது பெற்ற அமைப்பை அடுத்த மானியக் குழு முன்பின் தெரியாத அமைப்பாகப் பார்க்காது என்பது கூடுதல் பயன்.

சிறிய சங்கங்கள் எங்கே தொடங்குவது?

எல்லாச் சங்கங்களும் உடனே அறநிறுவனமாக வேண்டும் என்பதில்லை. பதிவு பெற்றால் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டறிக்கை, நிதி அறிக்கை, நெறிமுறைச் சரிபார்ப்புப் பட்டியல் ஆகியவற்றை ஒவ்வோர் ஆண்டும் சமர்ப்பிக்க வேண்டும். ஆண்டு வரவோ செலவோ 500,000 வெள்ளியைத் தாண்டினால் பொதுக் கணக்காளர் கணக்காய்வு செய்ய வேண்டும். ஆண்டுக்கு இரண்டு நிகழ்ச்சி மட்டும் நடத்தும் சங்கத்துக்கு இது சுமையாகலாம். அத்தகைய சங்கம், தகுதி பெற்ற பெரிய அமைப்பு ஒன்றுடன் கைகோத்து நிகழ்ச்சி நடத்தலாம். சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழுவுடன் இணைந்து செய்யலாம். ஒரே மாதத்தில் ஒரே வகைப் பேச்சுப் போட்டியை மூன்று சங்கங்கள் தனித்தனியே நடத்துவதைவிட, மூவரும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் போட்டால் நிதி தருபவருக்கும் மனநிறைவு, பிள்ளைகளுக்கும் நன்மை.

அறநிறுவனமாகப் பதிவு செய்தும் கணக்கு எழுத ஆள் இல்லாமல் தவிக்கும் அமைப்புகளுக்கு அறநிறுவன ஆற்றல் நிதி என்ற உதவி உண்டு. கணக்கு எழுதுதல், சம்பளப் பட்டியல் தயாரித்தல் போன்ற வேலைகளை வெளியாரிடம் கொடுப்பதற்கும், பயிற்சிக்கும், கணினி வசதிக்கும் அது செலவில் ஒரு பங்கை ஏற்கிறது. நிகழ்ச்சிக்குப் பணம் கேட்கும் ஆர்வத்தில் இதைப் பலர் கவனிப்பதில்லை.

எந்தச் சங்கமும் இந்த மாதமே செய்யக்கூடியவை சில உள்ளன. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் பணம் எடுக்க இருவர் கையெழுத்து. எந்தச் செலவுக்கும் சங்கத்தின் பெயரில் ரசீது. எடுத்த முடிவுகளைச் சொல்லும் கூட்டக் குறிப்பு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நேரத்தில் நடத்தி, ஒரு மாதத்துக்குள் சங்கப் பதிவகத்துக்கு ஆண்டு விவரம் அனுப்புவது. நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை மாணவர்கள் என்று வாசலில் எண்ணி எழுதி வைப்பது. மண்டபம் நிறைந்தது என்று எழுதும் அறிக்கையைவிட, 180 பேர் வந்தார்கள், அவர்களில் 95 பேர் மாணவர்கள் என்று எழுதும் அறிக்கைக்கு மதிப்பு அதிகம்.

விண்ணப்பம் எழுதுவதற்கு இளையர்களை அழைக்கலாம். பல சங்கங்களில் இளையர்களுக்கு நாற்காலி அடுக்கும் வேலையும் படம் எடுக்கும் வேலையும்தான் கிடைக்கின்றன. வேலையிடத்தில் அவர்கள் தினமும் வரவு செலவுத் திட்டமும் அறிக்கையும் எழுதிப் பழகியவர்கள். மானிய விண்ணப்பத்தை அவர்களிடம் ஒப்படைத்து, மூத்தவர்கள் அருகில் இருந்து சங்கத்தின் வரலாற்றையும் நோக்கத்தையும் சொல்லிக் கொடுத்தால், பணத்துடன் அடுத்த செயலவையும் கிடைக்கும்.

நன்கொடை கொடுக்கும் அன்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு சங்கத்துக்குக் காசோலை எழுதும் முன், கடந்த ஆண்டின் கணக்கைப் பார்க்கலாமா என்று மரியாதையுடன் கேட்கலாம். அறநிறுவனங்களின் விவரங்களை அரசாங்கத்தின் அறநிறுவன இணையவாசலில் எவரும் தேடிப் பார்க்கலாம். கேட்பவர் இருந்தால்தான் எழுதி வைப்பவரும் இருப்பார். அடுத்த தமிழ்மொழி விழாவுக்கான பேச்சு தொடங்கும்போது, எந்த நிதியைக் கேட்கலாம் என்பதைப் பேசுவதற்கு முன், சென்ற விழாவின் கணக்கை மேசைமீது வைத்துத் தொடங்கும் செயலவைக்கு அந்தப் பேச்சு எளிதாக இருக்கும்.